சிரிக்க வைத்தவர் கேட்க உட்கார்ந்தார்: ஜாக் பாரின் கதை

இன்னைக்கு போனைத் திறந்தா, ஏதாவது ஒரு காமெடி நடிகர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு பிரபலத்திடம் இரண்டு மணி நேரம் மனசுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். முன்னால் பெரிய மைக், பின்னால் மஞ்சள் விளக்கு. நாமும் சமைத்துக்கொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்போம். சினிமா, கல்யாணம், தோல்வி, தூக்கமில்லாத ராத்திரிகள் எல்லாம் அதில் வரும். ஏதோ நேற்று முளைத்த பழக்கம் மாதிரி நமக்குத் தோணும். ஆனா, இந்தக் குடும்பத்துக்கு ஒரு பூட்டன் உண்டு. பேர் ஜாக் பார். அமெரிக்காக்காரர். தமிழில் அந்தப் பேரைச் சொன்னா யாரையோ பார்க்கச் சொல்ற மாதிரி இருக்கும். அதனால இந்தக் கட்டுரையில் அவரை ஜாக் என்றே கூப்பிடுவோம்.

காமெடியனாகப் பல வருஷம் ஓடி, பெரிசா எதுவும் கைகூடாமல், 39 வயதில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவங்க பேச்சைக் கேட்க ஆரம்பித்தவர் அவர். அந்த மேசைதான் அவரை நாடறிந்த மனுஷராக்கியது. அதே மேசையிலிருந்து அவரே எழுந்தும் போனார். ஒரு தடவை இல்லை, மறுபடியும் மறுபடியும்.

வாயில் பட்டன்களைப் போட்டுப் பேசிய பையன்

1918 மே 1-ம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சனில். ஜாக்சனில் வளர்ந்த ஜாக்! சின்ன வயசில் அவருக்குத் திக்குவாய். ஒரு வார்த்தையை ஆரம்பித்தா முடிக்க முடியாது. கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களைப் போட்டுப் பேசிப் பழகின கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம பையன் கூழாங்கல்லுக்குப் பதிலா சட்டைப் பட்டன்களை வாயில் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். போதாக்குறைக்குக் காசநோய் வேறு வந்து கொஞ்ச காலம் படுக்கையில் தள்ளியது.

திக்குவாய் இருந்த பையன் எந்த வேலைக்குப் போனார் தெரியுமா? ரேடியோ அறிவிப்பாளர் வேலைக்கு. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உள்ளூர் ரேடியோ நிலையத்தில் சேர்ந்தார். எது வராதோ அதையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் பிடிவாதம் சிலருக்கு இருக்கும். அந்தப் பிடிவாதம் ஜாக்கிடம் கடைசிவரை இருந்தது. திக்கல் முழுசாப் போனதா என்றால், இல்லை. பிற்காலத்தில் டிவியில் பேசும்போதுகூட ஒரு தயக்கம், ஒரு நிறுத்தம், வார்த்தையைத் தேடுகிற ஒரு நொடி இருந்துகொண்டே இருக்கும். அந்த நொடிதான் அவருக்குப் பெரிய சொத்து என்பது என் எண்ணம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1938 அக்டோபர் 30. ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் பூமியைத் தாக்குகிற மாதிரி ஒரு ரேடியோ நாடகம் போட்டு, கேட்டவங்களில் பலரை நிஜம் என்று நம்பவைத்த ராத்திரி. அன்றைக்கு கிளீவ்லேண்ட் நகர நிலையத்தில் டியூட்டியில் இருந்தது இந்த 20 வயது ஜாக். பதறிப்போய் போன் செய்தவர்களிடம், இது நாடகம்தான், பயப்படாதீங்க என்று சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தார். ரேடியோப் பெட்டியிலிருந்து வருகிற ஒரு குரலை ஜனங்க எவ்வளவு நம்புவாங்க என்பதை அந்த வயதிலேயே கண்ணெதிரே பார்த்துவிட்டார்.

ராணுவம் கொடுத்த கைத்தட்டல்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943-ல் ராணுவம் கூப்பிட்டது. துப்பாக்கி பிடிக்க இல்லை. சிப்பாய்களைச் சிரிக்க வைக்கும் கலைக்குழுவில். தெற்கு பசிபிக் தீவுகளுக்குப் போனார். குவாடல்கனாலும் அதில் ஒன்று. கொசு, சேறு, மழை, வீட்டு ஞாபகம் என்று நொந்துபோயிருந்த பையன்களுக்கு முன்னால் ஏறி, அவங்க பேசப் பயந்ததை இவர் பேசினார். அதாவது, அதிகாரிகளைக் கிண்டல் செய்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரியை, பின்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் சிப்பாய்கள் முன்னால் கிண்டல் செய்தால் கைத்தட்டல் எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க!

அந்தக் கைத்தட்டலோடு ஊர் திரும்பியவருக்கு ஹாலிவுட் கதவு திறந்தது. திறந்தது என்றால் பாதிதான். ஆர்கேஓ ஸ்டுடியோவில் ஒப்பந்தம். 1947 கோடையில், ரேடியோவின் பெரிய காமெடி நட்சத்திரம் ஜாக் பென்னி விடுமுறையில் போக, அந்த இடத்தில் இவர் நிகழ்ச்சி நடத்தினார். எல்லாரும் அடுத்த பெரிய ஆள் இவர்தான் என்றார்கள். ஆனா, ஆகவில்லை. 1951-ல் 'லவ் நெஸ்ட்' என்ற படத்தில் நடித்தார். அந்தப் படத்தை இன்னைக்கு யாராவது தேடிப் பார்த்தா அது அதில் சின்ன வேஷத்தில் வரும் மர்லின் மன்றோவுக்காக மட்டும்தான். பிறகு டிவியில் ஒரு க்விஸ் நிகழ்ச்சி, அது நிற்கவில்லை. 1954-ல் சிபிஎஸ் சேனலின் காலை நிகழ்ச்சி, அதுவும் நிலைக்கவில்லை. அந்தக் காலை நிகழ்ச்சியில் இவருக்கு முன்னால் இருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்கச் செய்தி உலகத்தின் தாத்தா ஆகிப்போன வால்டர் கிரான்கைட். செய்திக்காரரை எடுத்துவிட்டு காமெடியனைப் போட்டார்கள். அதுவும் சரிப்படவில்லை.

வீட்டில் மனைவி மிரியம், 1949-ல் பிறந்த ஒரே மகள் ராண்டி. வயசு 40-ஐ நெருங்குகிறது. திறமை இருக்கு, பேரும் கொஞ்சம் இருக்கு, நிலையான இடம் மட்டும் இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்க பாஷையில் சொன்னா, கை நிறைய வேலை தெரியும், உட்கார நாற்காலி கிடையாது.

யாரும் தொட விரும்பாத நேரம்

என்பிசி சேனலில் ராத்திரி நேரத்தில் 'டுநைட்' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதை நடத்திய ஸ்டீவ் ஆலன் 1957 ஜனவரியில் விலகினார். அவருக்குப் பதிலாக, பல ஊர்களிலிருந்து நேரடிக் காட்சிகளைக் காட்டுவது மாதிரி ஒன்றை மாற்றிப் போட்டார்கள். படுதோல்வி. உள்ளூர் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆறே மாதத்தில் அதை மூடிவிட்டு ஜாக்கைக் கூப்பிட்டார்கள். 1957 ஜூலை 29 அன்று ஆரம்பித்தார். ராத்திரி 11.15-லிருந்து 1 மணி வரை. பாதிப் பேர் தூங்கிப்போகும் நேரம். தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லை என்று சேனல் நினைத்திருக்கலாம்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒவ்வொரு ராத்திரியும் ஜோக்கால் மட்டும் நிரப்ப முடியுமா? முடியாது. நாடகம், பாட்டு, வேடிக்கைப் போட்டி என்றெல்லாம் நிரப்பலாம். அதுக்குக் காசு வேணும். ஜாக்கிடம் இருந்தது ஒரு மேசை, ஒரு சோபா, பக்கத்தில் ஹ்யூ டவுன்ஸ் என்ற நிதானமான அறிவிப்பாளர், ராணுவக் காலத்து நண்பர் ஹோஸே மெலிஸின் இசைக்குழு. ஆரம்பத்தில் கொஞ்சம் தனியாக நின்று சிரிக்க வைப்பார். அப்புறம் உட்கார்ந்துவிடுவார். பேச்சுதான் நிகழ்ச்சி.

இன்னைக்கு இது சாதாரணம். அன்றைக்கு இல்லை. நட்சத்திரங்கள் டிவிக்கு வந்தால் பாட வேண்டும், ஆட வேண்டும், படத்தை விளம்பரம் செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு யார் வருவார்கள்? வந்தார்கள். அதுவும் எவ்வளவு சம்பளத்துக்கு? 320 டாலர். அதே ஆள் எட் சல்லிவனின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் ஆடிப் பாடினால் பல ஆயிரம் டாலர் கிடைக்கும். இதனாலேயே 1961-ல் சல்லிவனுக்கும் ஜாக்குக்கும் பெரிய சண்டை. ஜாக்கிடம் 320-க்குப் போகிறவர்களுக்கு நானும் 320-தான் தருவேன் என்று சல்லிவன் அறிவித்துவிட்டார். இரண்டு பேரும் நேருக்கு நேர் விவாதிப்பதாகப் பேச்சு எழுந்து, கடைசியில் அது நடக்காமலேயே போனது. நாடே இந்தச் சண்டையை ரசித்தது. எனக்கு இதில் சுவாரஸ்யமாகத் தெரிவது வேறு: அந்த 320 டாலருக்கு ஆட்கள் ஏன் போனார்கள் என்பதுதான். பாட்டைக் கேட்க ஆயிரம் பேர் இருந்தார்கள். பேச்சைக் கேட்க ஒருத்தர்தான் இருந்தார்.

இப்போ அந்தத் தயக்கத்துக்கு வருவோம். நல்லாப் பேசத் தெரிந்தவர் பேட்டி எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இவர் இரண்டு ஜோக் அடித்துவிடுவார். ஜாக் அப்படி இல்லை. வார்த்தைக்காக அவர் நிற்கிற அந்த ஒரு நொடியில், எதிரில் இருப்பவர் தானாக இன்னும் ஒன்று சொல்லிவிடுவார். தயாரித்து வந்ததைச் சொல்லி முடித்தபிறகு வருகிற அந்த இன்னொன்றுதான் நிஜப் பேச்சு. பின்னாளில் புகழ்பெற்ற பேட்டிக்காரரான டிக் கேவெட், இவரிடம் வேலை பார்த்தவர். டைம் பத்திரிகையில் எடுபிடியாக இருந்த பையன், சில ஜோக்குகளை எழுதி, அந்தப் பத்திரிகையின் கவரிலேயே போட்டு, சேனல் கட்டட வராந்தாவில் ஜாக்கின் கையில் திணித்து வேலை வாங்கினார். அவர் சொந்தமாக நிகழ்ச்சி ஆரம்பித்தபோது ஜாக் சொன்ன புத்தி ஒன்றுதான்: பேட்டி எடுக்காதே, உரையாடு.

ஆஸ்கர் லெவன்ட் என்று ஒரு பியானோ கலைஞர். மேதை. மனநோயும் மருந்து அடிமைத்தனமும் பிடித்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவர். முகம் துடிக்கும், கை நடுங்கும். 1950-களில் இப்படி ஒருத்தரை மறைத்துவைப்பதுதான் வழக்கம். ஜாக் அவரை டிவியில் உட்கார வைத்து, தன் சிகிச்சை, தன் பயம் பற்றியெல்லாம் அவர் வாயாலேயே பேசவிட்டார். லெவன்ட் அதையெல்லாம் கறுப்பு நகைச்சுவையாகச் சொல்வார், அரங்கம் சிரிக்கும், சிரித்து முடித்ததும் ஒரு மௌனம் வரும். நோயாளியைக் காட்சிப் பொருளாக்குகிறார் என்று அன்றைக்கே சிலர் திட்டினார்கள். அந்தத் திட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா, மனநோய் பற்றி வீட்டுக்கூடத்தில் யாருமே பேசாத காலத்தில், ராத்திரி வீட்டுக்கூடத்துக்கே அந்தப் பேச்சு வந்தது என்பதும் உண்மை.

இன்னொரு சம்பவம், 1961. டிக் கிரிகரி என்ற கறுப்பின காமெடியன் சிகாகோவில் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். ஜாக்கின் நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது. கிரிகரி மறுத்துவிட்டார். கறுப்பினக் கலைஞர்கள் அங்கே வந்து நிகழ்ச்சி செய்துவிட்டு அப்படியே போய்விட வேண்டும். வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது அவர் காதுக்கு வந்திருந்தது. ஜாக்கே நேரில் போன் செய்தார். காரணத்தைக் கேட்டார். உட்கார வாங்க என்றார். கிரிகரி வந்தார், சிரிக்க வைத்தார், சோபாவில் உட்கார்ந்தார், தன் குடும்பம் பற்றிப் பேசினார். கறுப்பின அப்பா ஒருத்தர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்த வீடுகள் ஏராளம். கிரிகரியின் சம்பளம் பல மடங்கு ஏறியது. போன் செய்ததற்காக ஜாக்கைப் பாராட்டலாம். ஆனா, அதுக்கு முன்னால் நாலு வருஷம் அந்தச் சோபா யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் கூடவே கேட்க வேண்டும் இல்லையா?

அரசியல்வாதிகளும் அந்தச் சோபாவுக்கு வந்தார்கள்

1959-ல் ராபர்ட் கென்னடி வந்து தொழிற்சங்க ஊழல் பற்றிப் பேசினார். அதற்காக சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபா ஜாக் மேலேயே வழக்குப் போட்டார். காமெடி நிகழ்ச்சிக்கு வழக்கு! 1960 ஜூனில் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஜான் கென்னடி, ஆகஸ்ட்டில் அவரை எதிர்த்து நின்ற நிக்சன். இரண்டு பேரும் அந்தச் சோபாவுக்கு வந்துபோன பிறகுதான், செப்டம்பரில் அவர்களின் புகழ்பெற்ற டிவி விவாதம் நடந்தது. ஓட்டு கேட்கிறவர்கள் காமெடியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஓட்டு கேட்கும் வழக்கத்துக்கு இது முக்கியமான ஓர் ஆரம்பம். நல்லதுக்கா கெட்டதுக்கா என்றால், இரண்டுக்கும்தான்.

நாலு நிமிஷம் காணாமல் போனது

1960 பிப்ரவரி 10. ஜாக் ஒரு பழைய ஜோக் சொன்னார். சுவிட்சர்லாந்தில் வீடு தேடும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, அங்கே 'டபிள்யூ.சி.' வசதி உண்டா என்று கடிதம் எழுதுகிறார். கழிப்பறையைத்தான் கேட்கிறார். இங்கிலீஷ் சரியாகத் தெரியாத அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர், அது ஏதோ வழியோரத் தேவாலயத்தின் சுருக்கம் என்று நினைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தெந்த நாளில் திறக்கும், எத்தனை பேர் சேர்ந்து உட்காரலாம் என்றெல்லாம் பக்தியோடு பதில் எழுதுகிறார். அவ்வளவுதான் ஜோக். நம்ம ஊர் கல்யாண வீட்டில் சொன்னால்கூட யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சேனல் சுளித்தது. ஜாக்கிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, நாலைந்து நிமிஷம் செய்தியைப் போட்டு நிரப்பியது. மறுநாள் ராத்திரி ஜாக் அரங்குக்கு வந்தார். குரல் உடைந்திருந்தது. தன்னிடம் கேட்காமல் வெட்டியதையும், தான் ஏதோ ஆபாசம் பேசியதாக நாடு நினைக்கும்படி ஆனதையும் சொன்னார். பிழைக்க இதைவிட நல்ல வழி ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு, நிகழ்ச்சி நடுவிலேயே எழுந்து போய்விட்டார். ஹ்யூ டவுன்ஸ் அப்படியே திகைத்து நின்று, மீதி நிகழ்ச்சியைத் தனியாக நடத்தினார்.

நினைச்சுப் பாருங்க. 39 வயது வரை நாற்காலி கிடைக்காமல் அலைந்த மனுஷர். கிடைத்த நாற்காலியை, கழிப்பறை ஜோக் ஒன்றுக்காக உதறிவிட்டுப் போகிறார். ஜோக் அவருக்கு முக்கியம் இல்லை. தன் பேச்சு தன்னுடையது என்பதுதான் முக்கியம். திக்குவாயோடு போராடி ஒவ்வொரு வார்த்தையையும் சம்பாதித்தவருக்கு, அதில் நாலு நிமிஷத்தை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டது தாங்கவில்லை. கிட்டத்தட்ட நாலு வாரம். ஹாங்காங் பக்கம் போய்ச் சுற்றினார். சேனல் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டது. மார்ச் 7-ம் தேதி திரும்பி வந்து, இடையில் குறுக்கிட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி சாவகாசமாக ஆரம்பித்தார். பிழைக்க வேறு நல்ல வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது.

ஆனா, இந்தக் கதையை ஹீரோ கதையாக மட்டும் படிக்காதீங்க. எல்லாமே உடனே மனசில் தைக்கிற ஆள் அவர். டிவியிலேயே அழுவார். அந்தத் தோல் மெலிசாக இருந்ததால்தான் எதிரில் இருப்பவரின் வலி அவருக்குப் புரிந்தது. அதே மெலிசான தோல்தான் அவரைப் பொல்லாத ஆளாகவும் ஆக்கியது. நிகழ்ச்சியின் ஆரம்ப நாள்களில் கூடவே வந்து சிரிப்பை அள்ளிய டோடி குட்மன் என்ற நடிகையோடு ஒத்துப்போகாமல், சீக்கிரத்திலேயே அவரை வெளியே அனுப்பினார். தன்னைத் தாக்கி எழுதிய பத்திரிகைக்காரர்களை ராத்திரிக்கு ராத்திரி மேசையிலிருந்து திட்டினார். வால்டர் வின்ச்செல் மாதிரி நாடே பயந்த கிசுகிசு எழுத்தாளரை அவர் எதிர்த்தது துணிச்சல்தான். ஆனா, பதில் சொல்ல மைக் இல்லாதவர்களும் அந்த மேசையிலிருந்து திட்டு வாங்கினார்கள்.

1961 செப்டம்பரில், பெர்லின் சுவர் எழும்பி சில வாரங்களே ஆன நேரத்தில், கேமராவோடு அங்கேயே போய் நின்றார். அமெரிக்க ராணுவ அதிகாரிகளும் ஜீப்புகளும் படப்பிடிப்பில் சேர்ந்துகொள்ள, வாஷிங்டனில் பெரிய கூச்சல் எழுந்தது. உலகப் போர் மூளுமோ என்று எல்லோரும் பயந்த இடத்தில் ஒரு காமெடியனுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனா, கேட்டவர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

வாரம் ஒரு ராத்திரி

தினமும் ராத்திரி ஒன்றே முக்கால் மணி நேரம், ஐந்து வருஷம். களைத்துப்போனார். 1962 மார்ச் 29-ம் தேதியோடு 'டுநைட்' முடிந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அக்டோபரில் அந்த நாற்காலிக்கு வந்த ஜானி கார்சன், 30 வருஷம் அதில் உட்கார்ந்தார்.

ஜாக் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாறினார். வாரம் ஒரு மணி நேரம். என்னைக் கேட்டால், அவருடைய நல்ல வேலை இங்கேதான் இருக்கிறது. அவசரம் இல்லை. தேர்ந்தெடுத்த ஆட்கள். ஜூடி கார்லண்ட் வந்து தன் சின்ன வயசு ஸ்டுடியோ நாள்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கேட்கக் கேட்க, அந்தச் சிறுமியை எப்படிப் பிழிந்திருக்கிறார்கள் என்று நமக்கு உறைக்கும். 1963-ல் கேசியஸ் கிளே என்ற 21 வயது குத்துச்சண்டை வீரர், அதாவது பிற்கால முகமது அலி, தன் கவிதைகளைச் சொல்ல, பக்கத்தில் பளபள உடையில் லிபராச்சி பியானோ வாசித்தார். ஜோனதன் வின்டர்ஸ் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு ஜாக் சும்மா இருந்தார். அந்தக் குச்சி தூண்டிலாக, துடுப்பாக, இன்னும் என்னென்னவோ ஆனது. எப்போ பேசாமல் இருக்கணும் என்று தெரிந்த காமெடியன்கள் குறைவு.

ஆப்பிரிக்காவில் காபோன் காட்டுக்குள் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பார்க்கப் போய், படம் எடுத்து வந்து காட்டினார். மனைவி, மகளோடு போகும் பயணங்களையும் தானே படம் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரி நாட்டுக்கே காட்டுவார். 1964 ஜனவரி 3-ம் தேதி, பெண் பிள்ளைகள் கிறீச்சிடுகிற ஒரு பாட்டுக் குழுவின் படத்துண்டைப் போட்டுக் கிண்டல் செய்தார். அந்தக் குழு பீட்டில்ஸ். ஒரு மாதம் கழித்து அவர்கள் எட் சல்லிவன் மேடையில் நேரில் ஏறினார்கள். சல்லிவனுக்கு முன்பே காட்டியது ஜாக், ஆனால் பேர் சல்லிவனுக்கு.

1964 மார்ச் 13. ஜான் கென்னடி சுடப்பட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. தம்பி ராபர்ட் கென்னடி அதன்பின் முதல்முறையாக ஒரு டிவி பேட்டிக்கு உட்கார்ந்தார். செய்தி நிகழ்ச்சிகள் எத்தனையோ இருந்தன. அவர் வந்தது ஒரு காமெடியனிடம். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பேசுகிற மாதிரியான பேச்சு அது. அண்ணன் போன வீட்டில் குழந்தைகள், அண்ணி, இனி என்ன செய்யப்போகிறோம் என்கிற நிச்சயமின்மை. கேள்வி கேட்பவருக்கு அழத் தெரியும் என்பது, பதில் சொல்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

காலி அரங்கு

1965 ஜூன் 25. கடைசி வெள்ளிக்கிழமை. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார். பிறகு தன் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயைக் கூப்பிட்டார். அது ஓடிவந்தது. இரண்டு பேரும் காலி வரிசைகளின் நடுவே நடந்து வெளியே போய்விட்டார்கள். வயசு 47 தான்.

மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன டிவி நிலையத்தை வாங்கி நடத்தினார், பிறகு விற்றார். 1973-ல் ஏபிசி கூப்பிட, மாதத்தில் ஒரு வாரம் என்ற கணக்கில் மறுபடி வந்தார். ஃப்ரெடி பிரின்ஸ் மாதிரி புதுப் பையன்களுக்கு மேடை கிடைத்தது. ஆனா, நேரம் மாறிவிட்டிருந்தது. புது இசை அவருக்குப் புரியவில்லை, அதை மறைக்கவும் இல்லை. எதிர்ச் சேனலில் இருந்தது கார்சன், தான் விட்டுக்கொடுத்த அதே நாற்காலியில். வருஷம் முடிவதற்குள் ஜாக் கிளம்பிவிட்டார். அதன்பின் புத்தகம் எழுதினார், எப்போதாவது யாராவது கூப்பிட்டால் போய்ப் பேசினார், கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் குடும்பத்தோடு அமைதியாக இருந்தார். 2004 ஜனவரி 27-ம் தேதி, 85 வயதில் அங்கேயே காலமானார்.

ஒரு வருத்தமான விஷயம் இருக்கு. அந்தக் காலத்து டிவி நாடாக்கள் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். 'டுநைட்'டில் ஜாக் நடத்திய ஐந்து வருஷப் பேச்சில் இன்றைக்கு முழுசாக மிஞ்சியிருப்பது மிகச் சில ராத்திரிகள்தான். நாலு நிமிஷத்தை வெட்டியதற்காக எழுந்து போனவர்! வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகள் ஓரளவு தப்பித்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கு என்றால், 1963 மார்ச் 8-ம் தேதி நிக்சன் வந்ததைத் தேடுங்க. ஜனாதிபதித் தேர்தலில் தோற்று, அடுத்து கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலிலும் தோற்று, பத்திரிகைக்காரர்களிடம் கோபித்துக்கொண்டு அரசியலை முடித்துக்கொண்டதாக எல்லோரும் நினைத்த நேரம். ஜாக் அவரிடம் அரசியல் பேசிவிட்டு, பியானோ பக்கம் கூட்டிப்போகிறார். தானே அமைத்த ஒரு மெட்டை, பின்னால் வயலின்கள் சேர, நிக்சன் வாசிக்கிறார். விறைப்பான அந்த மனுஷரின் தோள் வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் இறங்கும். அஞ்சு வருஷம் கழித்து அவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். நீங்க நிக்சனைப் பார்த்து முடித்தபிறகு, மறுபடி ஓடவிட்டு ஜாக்கையும் ஒரு தடவை கவனிங்க.